பாதி வாக்கியம்

விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வைத்திருக்கும் ஒருவர், தொழில் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், "சூளையை அவசரமாகத் திறந்தால் பொம்மை விரிசல் விடும், நன்றாக ஆறவிட்டால் ஒன்றும் ஆகாது" என்று எழுதியதாக வைத்துக்கொள்வோம். அதிலே "பொம்மை விரிசல் விடும்" என்னும் மூன்று சொற்களை மாத்திரம் பிரித்தெடுத்து, அவர் பெயரையும் சேர்த்து, வியாபாரிகளின் குழுவில் ஒருவர் போட்டுவிட்டால், பொய்யான சொல் ஒன்றுகூட இல்லாமலே பெரியதொரு பொய் பிறந்து, கொலுவுக்கு வரவேண்டிய ஆர்டர் நின்றுபோகும். "நீர் சொன்னதுதானே?" என்று கேட்பவரிடம் அவர் என்ன சொல்ல முடியும்? மேற்கோளில் நேரும் அநியாயங்களுள் இதையே மிகக் கொடியதென்பேன்.

விமர்சனத்துக்காகப் பிறர் எழுத்தை நியாயமான அளவில் எடுத்தாள 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடங்கொடுக்கிறது; தம் படைப்பைத் திரித்துத் தம் கௌரவத்துக்குப் பங்கம் செய்வதை ஆட்சேபிக்கும் உரிமையை 57ஆம் பிரிவு எழுதியவருக்கு அளிக்கிறது. எரிச்சலூட்டும் செய்தியையும் குற்றமாக்கியிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்துவிட்டபடியால், காரசாரமாக மறுத்தெழுத எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் அவதூறு இன்றும் குற்றமே.

"நான் எழுதவில்லை, பகிர்ந்தேன்" என்னும் சமாதானமும் எளிதில் செல்லாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பிறரது பதிவொன்றை 2018இல் படிக்காமலே பகிர்ந்துவிட்டதாகச் சொன்ன நடிகர் எஸ்.வி.சேகரின் வழக்கில், அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பை ஒத்தது என்று கூறி, வழக்கை ரத்துசெய்ய 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

ஆகவே, பதில் எழுதுமுன் எதிராளியின் செய்தியை முழுதும் படித்து, எந்த வாக்கியத்துக்கு விடை சொல்கிறோமோ அதைக் குறைக்காமல் எடுத்துவைத்து, விட்ட இடத்தில் புள்ளியிட்டு, தனிச் செய்தியாயின் அனுமதி கேட்டுக்கொண்டு எழுதுவதே முறை.

சூளைக்காரரைப்போல் பாதிக்கப்பட்டவர், பதிவு அழியுமுன் தேதியும் நேரமும் தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளட்டும். பதிவிட்டவர் அதே குழுவில் முழு வாக்கியத்தையும் போட்டுத் திருத்திக்கொண்டால் விவகாரம் பெரும்பாலும் அங்கேயே தீரும். தீராவிடில் அந்தச் சமூக ஊடகத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். அவர் முடிவு திருப்தி தராவிட்டால், அது கிடைத்த 30 நாள்களுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். மிரட்டலோ ஆபாசமோ கலந்திருந்தால் தாமதியாமல் சைபர் குற்றப் போலீஸாரிடம் செல்வதே தக்க பரிகாரம்.