உலக சாம்பியன், ஆனா ரேங்கிங்ல பேர் இல்ல: ஸ்நூக்கர் சீசன் எப்படி ஓடுது?

இந்த வார எபிசோடுக்குக் காரணம் எங்க அப்பா.

2025 நவம்பர்ல தோஹாவில் ஐ.பி.எஸ்.எஃப். உலக ஸ்நூக்கர் சாம்பியன்ஷிப் நடந்தது. பெண்கள் பிரிவு ஃபைனல்ல நம்ம சென்னைப் பொண்ணு அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங்கோட இங் ஆன் யீயை 3-2னு ஜெயிச்சு தங்கம் வாங்கினாங்க. அடுத்த நாள் தருமபுரியில இருந்து அப்பா போன் பண்ணார். "ஏன்டா, அப்போ அந்தப் பொண்ணுதான் உலகத்துல நம்பர் ஒன்னா?"

நான் பெருமையா "ஆமாப்பா"ன்னு சொல்லிட்டேன். போனை வெச்சதும் ஒரு சந்தேகம். உலகத் தொழில்முறை ரேங்கிங் பட்டியலைத் திறந்து பார்த்தா அதுல அவங்க பேரே இல்ல. கீழே வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணியும் இல்ல. உலக சாம்பியன் எப்படி பட்டியல்லயே இல்லாம போவாங்க?

அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். ஆட்டமே தெரியாதவங்களும் பயப்படாம வாங்க.

முதல்ல ஆட்டம், ரெண்டே நிமிஷம்

12 அடிக்கு 6 அடி டேபிள். 15 சிவப்புப் பந்து, ஒவ்வொண்ணுக்கும் 1 பாயிண்ட். அது போக ஆறு கலர்: மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கருப்பு 7. ஒரு சிவப்பு போட்டா அடுத்து ஒரு கலர் போடலாம். சிவப்பு மிச்சம் இருக்கிற வரைக்கும் கலர் திரும்ப டேபிளுக்கு வந்துடும். 15 சிவப்புக்கும் கருப்பையே சேர்த்துப் போட்டு, கடைசியா கலர்களையும் வரிசையா முடிச்சா 147. அதுதான் ஸ்நூக்கர்ல மேக்ஸிமம்.

இன்னொரு விஷயம், இது வெள்ளைக்கார ஆட்டம்னு நினைச்சுட்டு இருக்கோம் இல்லையா? ஆடினது வெள்ளைக்காரங்கதான், ஆனா பிறந்த இடம் நம்ம நாடு. 1875ல ஜபல்பூர்ல பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் பில்லியர்ட்ஸோட கலர் பந்துகளைக் கலந்து ஆரம்பிச்சதா வரலாறு. (பின்னாடி பிரிட்டிஷ் பிரதமரா இருந்தவர் வேற சேம்பர்லின்.) விதிகளை எழுத்தாக்கினது 1880கள்ல, நம்ம ஊட்டி கிளப்ல. அதாவது தருமபுரியில ராத்திரி பஸ் ஏறினா காலையில போய் இறங்குற தூரத்துலதான் இந்த ஆட்டத்துக்கு ரூல் புக் வந்திருக்கு.

ரேங்கிங்னா என்ன?

செஸ்ல ஒரு ரேட்டிங் இருக்கு. நீங்க யாரை ஜெயிக்கிறீங்க, அவர் எவ்வளவு பலமானவர்னு பார்த்து நம்பர் ஏறும், இறங்கும். ஸ்நூக்கர்ல அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 2014-15 சீசன்ல இருந்து ரூல் ரொம்ப சிம்பிள்: ரேங்கிங் போட்டியில ஒரு பவுண்டு பரிசு வாங்கினா ஒரு பாயிண்ட். யாரைத் தோற்கடிச்சீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

எத்தனை நாள் கணக்கு? கடைசி ரெண்டு வருஷம். ஒவ்வொரு போட்டி முடிஞ்சதும் பட்டியலைப் புதுப்பிப்பாங்க. புதுசா வாங்கின பணம் உள்ளே வரும், ரெண்டு வருஷம் முன்னாடி அதே போட்டியில வாங்கின பணம் வெளியே போகும். நம்ம வேலையில இதுக்கு ஸ்லைடிங் விண்டோன்னு பேர். உள்ளே இருக்கிறது ஒரு க்யூ, ரேஷன் கடை வரிசை மாதிரி முதல்ல வந்தது முதல்ல வெளியே போகும். ஸ்நூக்கர் கோலுக்கும் க்யூன்னுதான் பேர். இந்த ஜோக்கை ஆபீஸ்ல சொன்னேன், யாரும் சிரிக்கல.

சரி, இதனால என்ன ஆகுது? 2024-25 சீசனை எடுத்துக்குவோம்.

ஒரு சீசன், 18 ரேங்கிங் போட்டி

2024 ஜூன்ல லெஸ்டர்ல சாம்பியன்ஷிப் லீக்ல ஆரம்பிச்சு, 2025 மே மாசம் ஷெஃபீல்டு குரூசிபிள் தியேட்டர்ல உலக சாம்பியன்ஷிப்போட முடிஞ்சது. நடுவுல ஷியான், ஜெத்தா, வூஹான், பெல்ஃபாஸ்ட், நான்ஜிங், யார்க், பெர்லின், ஹாங்காங்னு ஊர் ஊரா சுத்தினாங்க. மொத்தம் 18 ரேங்கிங் போட்டி. லண்டன்ல நடக்கிற மாஸ்டர்ஸ் பெரிய பேர் உள்ள போட்டிதான், ஆனா அது டாப் 16 பேருக்கான அழைப்புப் போட்டி. அங்கே ஜெயிக்கிற பணம் ரேங்கிங்ல சேராது.

அந்த சீசன்ல கைரன் வில்சன் நாலு ரேங்கிங் கோப்பை ஜெயிச்சார்: ஷியான் கிராண்ட் பிரி, நார்தர்ன் அயர்லாந்து ஓபன், ஜெர்மன் மாஸ்டர்ஸ், பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப். ஜட் டிரம்ப் ஜெயிச்சது ரெண்டே ரெண்டு: சவுதி அரேபியா மாஸ்டர்ஸ், யூ.கே. சாம்பியன்ஷிப்.

சீசன் முடிவுல நம்பர் ஒன் யாரு? டிரம்ப்.

அநியாயம்னு தோணுதா? கணக்கைப் பாருங்க. சவுதியில முதல் பரிசு 5 லட்சம் பவுண்டு, யூ.கே.ல 2.5 லட்சம். ரெண்டும் சேர்த்து 7.5 லட்சம். வில்சனோட நாலு கோப்பையும் சேர்த்து 5 லட்சத்து சொச்சம்தான் வருது. நாலு ரெண்டை விடப் பெரிசுங்கிறது இந்தப் பட்டியல்ல செல்லாது.

அடுத்து, விண்டோ நகர்றது எவ்வளவு கொடூரம்னு பார்க்கலாம். 2023ல பெல்ஜியத்தோட லூகா பிரெசெல் உலக சாம்பியன் ஆனார், 5 லட்சம் பவுண்டு. ரெண்டு வருஷம் அந்தப் பணம் அவரை மேலேயே வெச்சிருந்தது. 2025 உலக சாம்பியன்ஷிப்ல கால் இறுதி வரைக்கும் வந்தார், மோசமான ரிசல்ட்னு சொல்ல முடியாது. ஆனா போட்டி முடிஞ்ச அன்னைக்கு அந்தப் பழைய 5 லட்சம் க்யூல இருந்து வெளியே போயிடுச்சு. அவரும் டாப் 16ஐ விட்டு வெளியே போயிட்டார்.

எதிர்ப்பக்கமும் அதே வருஷம் நடந்தது. சீனாவோட ஜாவ் ஷின்டோங், மேட்ச் பிக்ஸிங் விவகாரத்துல வாங்கின 20 மாசத் தடை முடிஞ்சு, அமெச்சூரா தகுதிச் சுற்றுல இருந்து ஆடி வந்தார். அரையிறுதியில ரானி ஓ'சல்லிவனை 17-7, ஃபைனல்ல மார்க் வில்லியம்ஸை 18-12. சீனாவோட முதல் உலக சாம்பியன். ஒரே போட்டிப் பணத்துல நேரா 11வது இடத்துல வந்து உட்கார்ந்தார்.

டாப் 16 ஏன் இவ்வளவு முக்கியம்? குரூசிபிள்ல ஆடுறது 32 பேர். டாப் 16க்கு நேரடி இடம். மத்த எல்லாரும் தகுதிச் சுற்று ஆடி மிச்சம் 16 இடத்துக்கு அடிச்சுக்கணும். மாஸ்டர்ஸ் அழைப்பும் டாப் 16க்குத்தான். பணம் ரேங்க் கொடுக்குது, ரேங்க் இன்னும் பணம் வர்ற போட்டிக்குள்ள விடுது.

64வது இடத்துல ஒரு பள்ளம்

டிவியில நமக்குக் காட்டுறது மேல இருக்கிற 16 பேரை. எனக்கு உண்மையான கதை நடுவுலதான் இருக்குன்னு தோணுது.

டூர்ல சுமார் 128 தொழில்முறை வீரர்கள். புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வருஷ டூர் கார்டு. பாயிண்ட் பூஜ்ஜியத்துல ஆரம்பிக்கணும். ரெண்டாவது வருஷ முடிவுல முதல் 64க்குள்ள இருந்தா தொடரலாம். இல்லைன்னா, அந்த ஒரு வருஷக் கணக்குல நல்லா ஆடின நாலு பேருக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு. மத்தவங்க வெளியே. திரும்ப வரணும்னா க்யூ ஸ்கூல்னு ஒரு தகுதிப் போட்டி. ஆசியா, ஓசியானியாக்காரங்களுக்கு அது சமீப வருஷங்கள்ல பாங்காக்ல நடக்குது.

2022-23ல வீரர்களுக்கு சீசனுக்குக் குறைஞ்சது 20,000 பவுண்டு வருமானம் உறுதின்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. பவுண்டுக்கு 115 ரூபாய்னு வெச்சா 23 லட்சம். தருமபுரியில இருந்து கேட்டா பெரிய தொகை. ஆனா இங்கிலாந்துல வீட்டு வாடகை, சீனாவுக்கு ஃப்ளைட், ஹோட்டல், ப்ராக்டீஸ் டேபிள்னு போட்டுப் பாருங்க. முதல் ரவுண்டுல தோத்தா டிக்கெட் காசை யாரும் திருப்பித் தர மாட்டாங்க.

நம்ம ஆளுங்க எங்கே?

இப்போ அப்பாவோட கேள்விக்கு வரேன்.

ஸ்நூக்கர்ல ரெண்டு தனித்தனிக் கணக்குப் புத்தகம் இருக்கு. ஒண்ணு வேர்ல்டு ஸ்நூக்கர் டூர். அதுதான் பவுண்டு, ரேங்கிங் எல்லாம். இன்னொண்ணு ஐ.பி.எஸ்.எஃப்., அதாவது சர்வதேச பில்லியர்ட்ஸ் ஸ்நூக்கர் சம்மேளனம். நாடுகளோட சங்கங்கள் வீரர்களை அனுப்புறது இங்கேதான். இங்கே வாங்குற தங்கத்துக்குத் தொழில்முறை ரேங்கிங்ல மதிப்பு பூஜ்ஜியம். அனுபமா பேர் அந்தப் பட்டியல்ல இல்லாததுக்குக் காரணம் இதுதான். அவங்க தோற்கடிச்ச இங் ஆன் யீ, பெண்கள் டூர்ல மூணு தடவை உலக சாம்பியன், தொழில்முறை டூர் கார்டும் வாங்கி ஆடினவங்க. ஆட்டத் தரத்துல குறை இல்ல, புத்தகம்தான் வேற.

பங்கஜ் அத்வானியையும் இப்படித்தான் புரிஞ்சுக்கணும். பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் ரெண்டும் சேர்த்து 2024 வரைக்கும் 28 உலகப் பட்டம். அவர் 2012-13ல தொழில்முறை டூருக்குப் போனார். 2013 வெல்ஷ் ஓபன்ல கால் இறுதி வரைக்கும் ஆடினார். 2014ல டூரை விட்டுட்டு ஊருக்கே திரும்பிட்டார். அதே 2013ல டெல்லியில நடந்த இந்தியன் ஓபன்ல ஆதித்யா மேத்தா ஃபைனல் வரைக்கும் போனார். ரேங்கிங் ஃபைனல் ஆடின முதல் இந்தியர். டிங் ஜுன்ஹுய்கிட்ட 0-5 தோல்வி. அந்தப் போட்டி டெல்லி, மும்பை, ஹைதராபாத், விசாகப்பட்டினம், கொச்சின்னு அஞ்சு தடவை நடந்து 2019க்கு அப்புறம் காலண்டர்ல இல்லாம போச்சு.

அத்வானி பயந்து திரும்பினார்னு சொல்றவங்களை ஆன்லைன்ல பார்க்கலாம். எனக்கு அது சரியாப் படல. ஒரு பக்கம், ரெண்டு வருஷத்துல 64க்குள்ள வரலைன்னா கார்டு போயிடும். இன்னொரு பக்கம், தேசிய அளவுல ஜெயிச்சா பொதுத்துறை நிறுவனத்துல வேலை, அத்வானிக்கு ஓ.என்.ஜி.சி. மாதிரி. ஸ்டார்ட்அப்பா, அரசு வேலையான்னு நம்ம வீட்டுல நடக்கிற அதே சண்டைதான்.

பெண்களுக்கு இன்னொரு கதவு இருக்கு. பெண்கள் டூர் மூலமா 2021ல இருந்து தொழில்முறை டூர் கார்டு கொடுக்கிறாங்க. 2017ல சிங்கப்பூர்ல அந்த டூரோட உலக சாம்பியன்ஷிப் ஃபைனல்ல, சென்னையில பிறந்த வித்யா பிள்ளை இதே இங் ஆன் யீகிட்ட 5-6னு கடைசி ஃபிரேம்ல தோத்தாங்க. அப்போ அந்தக் கதவே இல்ல.

நாலு ரோடு பக்கத்துல ஒரு மாடி

கடைசியா ஒரு சொந்த விஷயம். காலேஜ் படிச்சப்போ தருமபுரி நாலு ரோடு பக்கம் ஒரு மாடியில பார்லர் இருந்தது. ரெண்டு பூல் டேபிள், ஒரே ஒரு ஸ்நூக்கர் டேபிள், துணியில ஒரு மூலையில கிழிசல். மணிக்கணக்குல வாடகை. என் கூடப் படிச்ச ஒருத்தன் அந்தக் கிழிசலையும் கணக்குல எடுத்து ஆடுவான். 50, 60 பிரேக் அவனுக்கு சாதாரணம். ஒரு நாள் பார்லர் அண்ணன்கிட்ட, "அண்ணா, இதுல மேல போகணும்னா எங்கே போகணும்?"னு கேட்டான். அண்ணன் யோசிச்சுட்டு, "தெரியலையேப்பா, சென்னையில கேளு"ன்னார். அவன் யாரைக் கேப்பான்? இப்போ ஓசூர்ல ஷிஃப்ட் வேலை பார்க்கிறான்.

வழி தெரிஞ்சிருந்தா அவன் சாம்பியன் ஆகியிருப்பான்னு சொல்ல மாட்டேன். ஆனா வழி இதுதான்: தமிழ்நாடு பில்லியர்ட்ஸ் ஸ்நூக்கர் சங்கத்தோட மாநிலப் போட்டி, அங்கிருந்து இந்திய சம்மேளனம் நடத்துற தேசியப் போட்டி. அதுக்கு மேல ரோடு ரெண்டாப் பிரியும், ஒண்ணு பதக்கம், இன்னொண்ணு பவுண்டு. எந்த ரோட்டுல நிக்கிறோம்னு தெரிஞ்சு நிக்கணும்.

அப்பாவுக்குத் திரும்ப போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அதெல்லாம் சரி, அந்தப் பொண்ணு ஜெயிச்சது ஜெயிச்சதுதானே?"ன்னார். "ஆமாப்பா, அது ஜெயிச்சதுதான்"னேன்.

உங்க ஊர் பார்லர்ல முழு சைஸ் ஸ்நூக்கர் டேபிள் இருந்தா எங்களுக்கு எழுதுங்க. மாநிலப் போட்டி வரைக்கும் போனவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா கண்டிப்பா எழுதுங்க, உங்களையே ஒரு எபிசோடுக்குக் கூப்பிடுறோம். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.