பொட்டைக் குட்டியா? தாராளமாக எடுங்கள்

சங்ககிரி லாரிப் பட்டறைகளில் நிற்கிற வண்டிகளுக்கு அடியில் நாலு நாய்க்குட்டிகளாவது படுத்திருக்கும். கேட்பவர்கள் கடுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பொட்டைக் குட்டிகள் கடைசிவரை கிடக்கும். காப்பகங்களிலும் இதே கதைதான். 'குட்டி போட்டே தொல்லை பண்ணும்' என்பது ஒரே காரணம். கருத்தடை செய்துவிட்டால் அந்தக் காரணம் அடிபட்டுப் போகிறது.

காப்பகத்தில் குட்டிக்கு விலை வாங்க மாட்டார்கள். ஊசி போட்ட செலவை வேண்டுமானால் கேட்பார்கள். வயதை நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். வாயைத் திறந்தால் ஊசிபோல் பால்பற்கள் வரிசையாக இருக்கிறதா? கிட்டத்தட்ட இரண்டு மாதம். முன்பற்கள் விழுந்து அகலமான புதுப்பற்கள் எட்டிப் பார்த்தால் நான்கு மாதத்தை ஒட்டியது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காமல் இருப்பது நல்லது. அந்த வயதுக்குள் குட்டிகளை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. 'பொமரேனியன் கலப்பு, பெருசா வளராது' என்று யாராவது சொன்னால் தலையாட்டிக்கொள்ளுங்கள், நம்ப வேண்டியதில்லை. கலப்புக் குட்டி எவ்வளவு வளரும் என்று அதன் அப்பனைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

உண்மையான கண்டம் பார்வோ. பல குட்டிகள் ஒன்றாக இருக்கும் இடத்தில் இந்த வைரஸ் எளிதாகத் தொற்றும். தொற்றி ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும். அதனால் துள்ளிக்கொண்டு வந்த குட்டி வீட்டில் நாலாம் நாள் சுருண்டு படுக்கக்கூடும். சாப்பிடாது, வாந்தி எடுக்கும், பிறகு ரத்தம் கலந்து கடும் நாற்றத்துடன் கழியும். கைவைத்தியம் பார்த்து ஒரு நாளைக் கடத்தினால் போச்சு. உடலில் நீர் வற்றுவதுதான் குட்டியைக் கொல்கிறது. டிரிப் ஏற்றினால் பிழைக்க வழியுண்டு. பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். அங்கே சமாளிக்க முடியாவிட்டால், திருச்செங்கோடு வழியே போனால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாசல் மண்ணில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். முன்பு ஒரு குட்டி இப்படிச் செத்த வீடானால், ஊசித் தவணை முடிந்த குட்டியையே கொண்டுவாருங்கள்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று நான்கு மாதம்வரை போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்துவதுதான் நம் பக்கம் நடக்கிற தவறு. காப்பகத்தில் ஊசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பூச்சி மருந்து தனி. மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி; பிறகு டாக்டர் சொல்லும் தவணைகளில். அதற்கு முன் குட்டி விளையாட்டாகக் கடித்து ரத்தம் வந்தாலும் அலட்சியம் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், ஊசிக்குக் காசில்லை.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவில்லை. சோற்றில் அவித்த முட்டை, வேகவைத்த கோழிக்கறி. ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. மிச்சக் குழம்பை ஊற்றிப் பிசைந்து போடாதீர்கள். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். பால் சில குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கும்.

பொட்டைக் குட்டி ஆறேழு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்தான்; ஆண்டுக்கு இரண்டு ஈற்றுகூட சாத்தியம். அந்தக் குட்டிகள்தான் மறுபடி லாரிக்கு அடியில் வந்து படுக்கின்றன. ஆறு மாதம் ஆனதும் டாக்டரிடம் கருத்தடைக்கு நாள் கேளுங்கள். அறுவைக்கு முந்தைய இரவு சோறு கிடையாது. தையல் ஆற பத்து நாளாகும். அதுவரை கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டி, நக்கவிடாமல், மாடிப்படி ஏறவிடாமல் வைத்திருக்க வேண்டும்.