ஓரடி ஸ்கேலும் லண்டன் பாலமும்

ஆபீஸ் மேஜை விளிம்பில் ஓரடி ஸ்கேலை வைத்து, ஒரு பாதியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, மறு நுனியைச் சுண்டிவிட்டிருக்கிறீர்களா? ‘டர்ர்ர்...’ என்று ஒரு சத்தம் வருமே, மேனேஜர்கூட மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாரே, அதுவேதான். அது விநாடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது? கண்ணால் எண்ண முடியாது. அதற்குத்தான் ஆக்ஸலரோமீட்டர்.

உங்கள் சட்டைப்பையிலேயே ஒன்று இருக்கிறது. செல்போனைச் சாய்த்தால் படமும் கூடவே திரும்புவது அதன் உபயம். டவுன் பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால் நிற்கிறவர் முன்னால் சாய்கிறார் அல்லவா? எவ்வளவு சாய்ந்தார் என்று அளந்தால் பிரேக் எவ்வளவு கடுமை என்று சொல்லிவிடலாம். போனுக்குள் அந்தப் பயணி, பொடி ஸ்பிரிங்கில் நிற்கும் ஒரு துளி சிலிக்கான்.

அடியேன் பி.காம். இருந்தாலும் ஆசை யாரை விட்டது! போனை ஸ்கேல் நுனியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிச் சுண்டினேன். ‘டர்ர்’ காணாமல் போய், சோம்பேறித்தனமாக ‘தொய்ங்... தொய்ங்’ என்றது. நுனியில் கனம் ஏறினால் ஆட்டம் மெதுவாகும். அளக்க வந்தவரே கணக்கை மாற்றிவிட்டார்! லேபில் இதற்கென்றே சில கிராம் எடையில் கருவி வைத்திருக்கிறார்கள்.

பாலமும் ஒரு பெரிய ஸ்கேல்தான். கருவியின் எடை அதற்குத் தூசு. மனுஷன் எடைதான் வம்பு.

லண்டனில் தேம்ஸ் நதி மேல் 325 மீட்டர் நீள மில்லேனியம் நடைபாலத்தை 2000 ஜூன் 10-ல் திறந்தார்கள். கூட்டம் ஏறியதும் பக்கவாட்டில் 7 செ.மீ. வரை ஆட ஆரம்பித்தது. ஜனங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜூன் 12-ல் இழுத்து மூடியாச்சு.

நடக்கும்போது நாம் தரையை இடமும் வலமுமாகக் கொஞ்சம் தள்ளுகிறோம், சுமார் விநாடிக்கு ஒரு தடவை. பாலத்தின் சில பகுதிகளின் சுபாவ ஆட்டமும் கிட்டத்தட்ட அதே கதி. தரை ஆடினால் விழாமலிருக்கக் காலை அகட்டி, அதன் தாளத்துக்கே நடப்போம். ஆட்டத்துக்கு நாமே தீனி!

பிறகு ஆக்ஸலரோமீட்டர்களைப் பொருத்தி, ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தார்கள். (கருவி காட்டுவது முடுக்கம். விநாடிக்கு ஓர் ஆட்டமென்றால் அதைச் சுமார் 40-ஆல் வகுத்தால் நகர்ந்த தூரம் கிடைக்கும்.) ஒரு பகுதியில் 150 பேர் நடந்தும் பெரிதாக ஒன்றுமில்லை. 160-ஐத் தாண்டியதும் கோடு சரசரவென்று ஏறியது.

இது நம்ம சப்ஜெக்ட் சார்! ஒவ்வோர் ஆட்டத்திலும் பாலம் கொஞ்சம் சக்தியைச் செலவழிக்கிறது. நடக்கிற ஒவ்வொருவரும் கொஞ்சம் வரவு வைக்கிறார். செலவு அதிகமாக இருக்கும்வரை ஆட்டம் அடங்கிவிடும். வரவு ஒரு பைசா முந்தினால் போதும், வட்டிக்கு வட்டி.

ஆகவே செலவைக் கூட்டினார்கள். 37 திரவ டேம்பர்கள், ஐம்பதுக்கும் மேற்பட்ட எடை-ஸ்பிரிங் டேம்பர்கள். பில் சுமார் 50 லட்சம் பவுண்டு. 2002 பிப்ரவரி 22-ல் மறுபடி திறந்தார்கள். ஆட்டம் நின்றும், லண்டன்வாசிகள் வைத்த ‘தள்ளாட்டப் பாலம்’ என்ற பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.