வினைச்சொல்லின் அழுத்தம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பழுகாமத்தில் ஒருவர் ‘நான் நேற்று வந்தனான்’ என்று சொல்லும்போது, அவ்வினையின் எந்த அசையை ஓங்கி உச்சரித்தாலும் அர்த்தம் அணுவளவும் பேதப்படுவதில்லை. அண்ணாவியாரின் மத்தளத்துக்கு இசைந்து களரியிலே தருப் பாடும் கூத்தர் தாளத்தின் பொருட்டு ஈற்றசையில் ஊன்றினாலும், வந்தவர் வந்தவராகவே நிற்கிறார். ஈழத்தமிழர் பலர் குடியேறி வாழும் பலெர்மோ நகரின் இத்தாலிய பாஷையிலோ இந்தச் சுதந்திரம் கிடையாது. ‘பர்லோ’ என்பதில் முதலசை ஓங்கினால் ‘நான் பேசுகிறேன்’ என்றும், ஈற்றசை ஓங்கினால் ‘அவன் பேசினான்’ என்றும் காலமும் இடமும் ஒருங்கே மாறிவிடும். ‘கபிதனோ’ என்னும் நான்கசைச் சொல்லோ, முதலில் ஓங்கினால் ‘நிகழ்கின்றன’ என்றும், மூன்றாவதில் ஓங்கினால் ‘தலைவன்’ என்றும், இறுதியில் ஓங்கினால் ‘தலைமை தாங்கினான்’ என்றும் மூன்று ரூபம் கொள்கிறது.

அசை என்று நம் யாப்பிலக்கணம் வகுப்பது வேறு, இத்தாலியர் பிரிப்பது வேறு. ‘படித்தான்’ என்பதை வாய் மூன்றாக ஒலித்தாலும், யாப்பு ‘படித்–தான்’ என நிரையும் நேருமாக இரண்டாகவே கொள்ளும். இத்தாலியத்தில் உயிர்தோறும் ஓர் அசை எனக் கொள்வதே பெரும்பான்மை. எனினும் இரட்டித்த மெய்யை இரண்டு அசைகளுக்குப் பகிர்வதில் இருவரும் ஒன்றுபடுகிறோம். ‘ஆடினான்’ என்பது இரட்டித்து ‘ஆட்டினான்’ ஆகும்போது செயலே பிறிதாவதை அறிந்த நம் செவிக்கு, ‘பர்லெரேமோ’ என்றால் ‘பேசுவோம்’, ‘பர்லெரெம்மோ’ என்றால் ‘வாய்ப்பிருந்தால் பேசுவோம்’ என்னும் வேற்றுமை சிரமமின்றிப் புலப்படும். இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழுக்கு வந்து, 1730இல் தொன்னூல் விளக்கத்தில் யாப்பையும் வகுத்துரைத்த வீரமாமுனிவர் இதே பாதையை எதிர்த்திசையில் நடந்தவர்.

நமக்குச் சிரமம் தருவது அழுத்தமே. அழுந்திய அசை, மெய்யால் அடைபடாமலும் சொல்லின் இறுதியில் நில்லாமலும் இருந்தால், உயிர் சற்று நீள்கிறது. தமிழ்ச்செவி அதனை நெடிலென்று கொண்டு, அழுத்தத்தைக் கவனியாது விடுகிறது. வினைகளில் இதற்கு ஓர் ஒழுங்குண்டு. நிகழ்காலத்தில் நான், நீ, அவன், அவர்கள் என்னும் நால்வர்க்கும் அழுத்தம் பகுதியிலே தங்கும். நாம், நீங்கள் என்னும் இருவர்க்கு விகுதிக்குப் பெயரும். ஆகவே ‘வசிக்கிறான்’ என்னும் ‘ஆபித’வைச் செவ்வனே சொல்லப் பழகியவர், ‘வசிக்கிறார்கள்’ என்னும் ‘ஆபிதனோ’வில் அழுத்தத்தைப் பின்னுக்கு இழுக்காமல் முதலசையிலேயே நிறுத்த வேண்டும்; ‘நாம் வசிக்கிறோம்’ என்னும் ‘அபித்யாமோ’வில் மட்டும் ‘த்யா’வுக்கு நகர்த்த வேண்டும்.