வீட்டுக்குள் செடி: முதலில் வெளிச்சம், பிறகுதான் தண்ணீர்

ஐப்பசி மழையில் வயலில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே கத்தரியும் மிளகாயும் மஞ்சளாகிவிடும் என்பது விவசாயிக்குத் தெரியும். மண்வெட்டியோடு போய் வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அவருடைய வீட்டுக் கூடத்திலோ, ஜன்னல் எட்டாத மூலையில் நிற்கும் அக்லோனிமாவுக்கு தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் போகும். இலை மஞ்சளானால் 'தண்ணீர் போதவில்லை போல' என்று இரண்டு சொம்பாகும். அடுத்த மாதம் செடி சாய்ந்துவிடும். கண் பட்டுவிட்டது என்பார்கள். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், வேர் பழுப்பேறி, விரலால் இழுத்தால் தோல் தனியே உருவிக்கொண்டு வரும். அழுகல் வாடையும் அடிக்கும்.

வயலில் நடந்ததுதான் தொட்டியிலும் நடந்திருக்கிறது. மண்ணின் நுண்துளைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிறைந்தால் வேர் மூச்சுவிட முடியாது. வேர் செத்தால் இலைக்குத் தண்ணீர் ஏறாது. எனவே மேலே பார்க்கும்போது செடி தாகத்தில் வாடுவது போலவே தெரியும். இந்த ஏமாற்றுத் தோற்றத்தை நம்பி மேலும் ஊற்றுவதால்தான் பல செடிகள் போகின்றன. வயலில் அடிக்கும் வெயிலும் காற்றும் ஈரத்தை இழுத்துவிடும். வீட்டு மூலையில் அதற்கு வழியில்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி மெதுவாகத்தான் உணவு தயாரிக்கும், மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும்.

இடத்தைப் பார்த்துச் செடி

நர்சரியில் அழகாக இருக்கிறதே என்று செடியை வாங்கிவந்து, பிறகு வீட்டில் இடம் தேடுவது தலைகீழான வழி. எந்த இடத்தில் வைக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு, அந்த இடத்து வெளிச்சத்துக்கு ஏற்ற செடியைத்தான் தேட வேண்டும். மண்ணைப் பார்த்துப் பயிர் தேர்ந்தெடுப்பது போலத்தான் இதுவும்.

நண்பகல் வெட்டவெளியில் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும். ஜன்னலை ஒட்டிய இடத்தில் அது சில ஆயிரமாகக் குறையும். அங்கிருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே போனால் சில நூறுகூடத் தேறாது. மனிதக் கண் இதற்கெல்லாம் தன்னைச் சரிசெய்துகொள்வதால் கூடம் 'நல்ல வெளிச்சம்' என்றே தோன்றும். இதை அளக்கக் கருவி தேவையில்லை. பகல் 12 மணிக்கு விளக்குகளை அணைத்துவிட்டு, செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளுக்கு ஒரு சாண் மேலே கையை நீட்ட வேண்டும். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாக ஒரு திட்டு விழுந்தால் நடுத்தரம். நிழலே தெரியாவிட்டால் அங்கே எந்தச் செடியையும் நிரந்தரமாக வைக்கக் கூடாது.

நல்ல வெளிச்சத்துக்கு அரிகா பாம், ஸ்பைடர் பிளான்ட் ஆகியவை ஏற்றவை. நடுத்தர இடத்துக்கு மணி பிளான்ட், சிங்கோனியம், அக்லோனிமா. அதைவிடக் குறைந்த இடத்துக்கு ஸ்நேக் பிளான்ட், இசட் இசட் பிளான்ட். இந்தக் கடைசி இரண்டும் இருட்டைத் தாங்குமே தவிர விரும்பாது; 15 நாட்களுக்கு ஒருமுறை வராண்டாவுக்கு மாற்றி வைத்தால் தெளியும். துளசி, ரோஜா, செம்பருத்தி, சோற்றுக்கற்றாழை எல்லாம் வெயில் செடிகள். அவற்றை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்ற முயல்வது வீண் வேலை.

கிழக்கு ஜன்னலின் காலை வெயில் பெரும்பாலான செடிகளுக்கு ஒத்துக்கொள்ளும். மேற்கு ஜன்னலின் சித்திரை, வைகாசி வெயில் அக்லோனிமா இலையைப் பொசுக்கிவிடும். ஒரு மெல்லிய திரை போட்டால் போதும். தமிழ்நாட்டில் மே முதல் ஜூலை வரை சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் வடக்கு ஜன்னலிலும் நேர் வெயில் எட்டிப் பார்க்கும். நிழலான திசை என்று நினைத்து வைத்த செடி திடீரெனக் கருகினால் இதுதான் காரணம்.

வாங்கும்போது

தமிழக நர்சரிகளுக்கு வரும் அழகுச் செடிகளில் கணிசமானவை ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்து லாரியில் வருபவை. நிழல்வலைக் குடிலில், ஈரக்காற்றில் வளர்ந்தவை, வீட்டு மூலைக்கு வந்ததும் சில இலைகளை உதிர்ப்பது இயல்பு. பயந்துபோய் உரம் வைக்கக் கூடாது. பெரிய செடியாகப் பார்த்து வாங்குவதைவிட, புதிதாகக் குருத்து விரிந்துகொண்டிருக்கும் நடுத்தரச் செடியை வாங்குவது நல்லது. இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். காம்பு இடுக்கில் பஞ்சு போல மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றைக்கே பட்டியில் சேர்ப்பதில்லை அல்லவா? புதுச் செடியையும் 15 நாட்கள் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

வயல் மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்புவது விவசாயி வீடுகளில் அதிகம் நடக்கிறது. கரிசலும் களியும் தொட்டியில் இறுகிப்போய் தண்ணீரை வடியவிடாது. செம்மண் இரண்டு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்ற கலவை போதுமானது. நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு வேரைத் தாக்கும். சிறிய செடிக்குப் பெரிய தொட்டியும் ஆகாது; வேர் எட்டாத மண் ஈரத்திலேயே கிடக்கும். துளையில்லாத பீங்கான் தொட்டி பிடித்திருந்தால், துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியோடு செடியை அதற்குள் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு கிடையாது. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டு, உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். ஈரம் தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம். ஸ்நேக் பிளான்ட், இசட் இசட் இரண்டும் தண்ணீரைத் தங்களுக்குள் சேமிப்பவை என்பதால் மண் முழுக்கக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். மழைக்காலத்தில் அது மூன்று வாரத்துக்கு ஒருமுறைகூட ஆகலாம். அரிகா பாம் இலை நுனி பழுப்பாகக் காய்வது பெரும்பாலும் உப்பான போர்வெல் தண்ணீரால். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். அதைச் செடிக்கு ஊற்றிச் சிக்கனம் பார்க்கக் கூடாது. மழைநீர் மிக நல்லது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இருக்காது, அதையும் பயன்படுத்தலாம்.

ஆக்சிஜன் விளம்பரம்

'இரவிலும் ஆக்சிஜன் தரும்' என்று அட்டை மாட்டி ஸ்நேக் பிளான்ட்டைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அந்தச் செடி கள்ளியைப் போல இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்வது உண்மை. ஆக்சிஜன் உருவாக வெளிச்சம் வேண்டும். இருட்டில் அது நடக்காது. காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சுக்கு மூலம் 1989-ல் வெளிவந்த நாசா ஆய்வு. அது மூடிய சிறு அறைக்குள் நடத்தப்பட்டது. 2019-ல் இத்தகைய ஆய்வுகளை மொத்தமாக அலசிய ஒரு கட்டுரை, கட்டடத்தின் இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. அதாவது, ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று செடி வாங்கலாம். அதுவே போதுமான காரணம்.

ஸ்நேக் பிளான்ட் ஒன்றும் அந்நியச் செடியல்ல. வேலியோரங்களில் முளைத்து, ஒரு காலத்தில் நார் எடுக்கப் பயன்பட்ட மருளின் ஆப்பிரிக்கச் சொந்தம்தான் அது. மஞ்சள் கரை போட்ட ரகத்தை இலைத்துண்டு நட்டுப் பெருக்கினால் வரும் கன்று வெறும் பச்சையாகத்தான் இருக்கும். கரை வேண்டுமானால் கிழங்கோடு பக்கக்கன்றைப் பிரித்து நட வேண்டும்.

குழந்தை, கன்று, கொசு

சேனையையும் சேம்பையும் பச்சையாக யாரும் வாயில் வைப்பதில்லை. புளி விட்டு வேகவைக்காவிட்டால் நாக்கு அரிக்கும். மணி பிளான்ட், அக்லோனிமா, சிங்கோனியம், பீஸ் லில்லி, இசட் இசட், டைபன்பேக்கியா எல்லாமே அந்தச் சேம்புக் குடும்பம்தான். இலையிலும் தண்டிலும் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. டைபன்பேக்கியா தண்டைக் கடித்த குழந்தைக்கு வாயும் நாக்கும் வீங்கிப் பேச்சு எழாமல் போகலாம். வாயைத் துடைத்துக் கழுவி, குளிர்ந்த நீரோ பாலோ சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வீக்கம் கூடினாலோ மூச்சு திணறினாலோ உடனே 108-க்கு அழைக்க வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அரிகா பாம், ஸ்பைடர் பிளான்ட் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கழித்த தண்டுகளை ஆடு, கன்று எட்டும் குப்பையில் போடவும் கூடாது.

பாட்டிலில் வளரும் மணி பிளான்ட்டும் தொட்டியின் அடித்தட்டும் டெங்கு கொசுவுக்குத் தோதான இடங்கள். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்கச் சுமார் எட்டுப் பத்து நாட்கள் போதும். குறைந்த தண்ணீருக்குமேல் ஊற்றிக்கொண்டே இருப்பது பயன் தராது. வாரம் ஒருமுறை முழுக்கக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு கிடக்கும்.

மாவுப்பூச்சிக்கு, பருத்திக்கு வாங்கிய மருந்து மிச்சம் இருக்கிறதே என்று கூடத்துக்குள் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். மூடிய வீட்டுக்குள் அந்த நஞ்சு குழந்தைகள் படுத்து உறங்கும் தரையில்தான் படியும். வயல் மருந்து எதுவும் நிலைப்படி தாண்டி உள்ளே வரவே கூடாது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் பூச்சியைத் துடைத்தெடுத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, செடியை வாசலுக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறையாக மூன்று தடவை செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மணி பிளான்ட் கொடி நீண்டு, இலை சிறுத்து, இடையில் மொட்டையாகத் தொங்கினால் உரக்குறை என்று நினைக்க வேண்டாம். வெளிச்சம் போதவில்லை, ஏறப் பிடிமானமும் இல்லை என்று பொருள். தென்னை நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு ஏற்றிவிட்டால் இலை பெருக்கும். மொட்டைக் கொடியைக் கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே நறுக்கித் தண்ணீரில் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். அவற்றில் மூன்றை அதே தொட்டியில் நட்டால் செடி அடர்த்தியாகும். மிஞ்சியதை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம்.