ஸ்கூட்டர் பெட்டியில் சேராது

குருவிகுளம் பக்கமிருந்து வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போன ஒருவர், கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே சொந்தக் காசில் வாங்கி, பழகிப்போன ஸ்கூட்டர் ஒன்று நிற்கிறது. விற்றால் பாதி விலைகூடத் தேறாது. கப்பலில் ஏற்றிவிட்டால் தூத்துக்குடியில் இறக்கி, கோவில்பட்டி வழியாக வீட்டுக்கே ஓட்டி வந்துவிடலாமே என்று தோன்றுவது நியாயம்தான். டீ ஆறுவதற்குள் முடிகிற கதை இல்லை இது. இன்னொரு டீ சொல்லிவிட்டு, படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படியிலேயே எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. “விக்கிறதுக்கா கொண்டு வாரேன்? நான் ஓட்டத்தானே. சொந்த உபயோகத்துக்கு என்ன வரி?” என்று கேட்போம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் துணிமணி, பாத்திரம், லேப்டாப் என்று கொண்டுவருவதைப் பார்த்துப் பழகியதால் வரும் நினைப்பு இது. அந்தச் சாமான்களுக்கு உள்ள சலுகை, பயணியின் ‘பேக்கேஜ்’ என்ற கணக்கில் கிடைப்பது. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், பேக்கேஜ் எதுவென்று சொல்லும் இடத்திலேயே ஒரு வேலி போட்டிருக்கிறது. பயணியோடு வராமல் தனியாகப் பின்னால் வரும் சாமானும் பேக்கேஜ்தான். மோட்டார் வாகனம் மட்டும் அதில் சேராது.

இந்த ஒரு வரிதான் நம் கதையின் ஆணிவேர். ஸ்கூட்டர் பேக்கேஜே இல்லை என்று ஆனபிறகு, பேக்கேஜுக்கு உண்டான எந்தச் சலுகையும் அதன் பக்கம் வராது. எத்தனை வருடம் ஓட்டினோம், யாருக்காகக் கொண்டுவருகிறோம் என்பதெல்லாம் தீர்வையைக் குறைக்க உதவாது. நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்களுக்கு வீட்டுச் சாமான் விஷயத்தில் தனிச் சலுகை உண்டு. வண்டிக்கு அது கிடையாது. சட்டத்தின் கண்ணில் அந்த நேரத்தில் நாம் ஊர் திரும்பும் பயணி இல்லை. ஒரே ஒரு வண்டியை இறக்குமதி செய்கிற இறக்குமதியாளர்.

இறக்குமதியாளர் என்று ஆகிவிட்டோம். அடுத்து, வண்டி புதியதா பழையதா என்று கேட்பார்கள். இங்கே ‘புதியது’ என்றால் பளபளப்பு கணக்கில்லை. இறக்குமதிக்கு முன் அதை யாருக்கும் விற்றிருக்கக் கூடாது, வாடகைக்கோ இரவலாகவோ கொடுத்திருக்கக் கூடாது, எந்த நாட்டிலும் பதிவு செய்திருக்கக் கூடாது. துபாயில் நம் பேரில் பதிவாகி ஒரே ஒரு நாள் ஓடியிருந்தாலும் அது பழைய வண்டிதான்.

சரி, ஒரு புதிய வண்டியையே வாங்கிவந்தால்? அதை எந்த நாட்டில் செய்தார்களோ அந்த நாட்டிலிருந்துதான் இறக்குமதி செய்ய வேண்டும். அந்த மாடல் இந்திய விதிகளுக்குப் பொருந்துகிறது என்று சோதனை நிலையம் கொடுத்த சான்றும் வேண்டும். பெரிய கம்பெனிகள் ஒரு மாடலுக்கு ஒரு தடவை இந்தச் சான்றை வாங்கிவிட்டு, நூற்றுக்கணக்கில் இறக்கி விற்கின்றன. பி.எம்.டபிள்யூ.வின் சி 400 ஜிடி ஸ்கூட்டர் அப்படித்தான் 2021 அக்டோபரில் இங்கே விற்பனைக்கு வந்தது. அப்போது விலை 9.95 லட்சம் ரூபாய். ஒற்றை வண்டி வைத்திருப்பவர் அந்தச் சோதனைச் செலவைத் தனியாளாகச் சுமக்க வேண்டும்.

பெரிய பைக்குகள் மட்டும் எப்படி வருகின்றன என்று கேட்கலாம். 2007-இல் அமெரிக்கா நம் மாம்பழத்துக்குக் கதவைத் திறந்தபோது, நாம் ஹார்லி டேவிட்சன் போன்ற பெரிய பைக்குகளுக்குக் கதவைத் திறந்தோம். ஆனால் அந்தக் கதவின் அளவு 800 சிசியும் அதற்கு மேலும். 110, 125 சிசி ஸ்கூட்டர் அதன் வழியே நுழைய முடியாது.

நம்முடையது ஓட்டிய வண்டி. அதற்கான நிபந்தனைகளைப் பார்ப்போம். தயாரித்த நாளிலிருந்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இன்னும் குறைந்தது 5 வருடம் சாலையில் ஓடத் தகுதி இருக்க வேண்டும்; அந்த 5 வருடமும் இங்கே சர்வீஸ் கிடைக்கும் என்ற உறுதியும் வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். கார் என்றால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தாக வேண்டும். இருசக்கர வண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் ஹெட்லைட்டில் ஒரு கவலை இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் விதியின் பின்னால் உள்ள புத்தி இதில் நன்றாகத் தெரியும். நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். லைட்டை டிம் செய்தால், வெளிச்சம் இடது ஓரத்தில் கொஞ்சம் நீளமாகவும், எதிரே ஆள் வரும் வலது பக்கத்தில் தாழ்ந்தும் விழும்படி கண்ணாடியை வார்த்திருப்பார்கள். சவுதியிலும் துபாயிலும் வலப்பக்கம் போவதால் அங்கே இது தலைகீழ். அந்த லைட்டோடு சங்கரன்கோவில் சாலையில் இரவில் வந்தால், டிம் செய்த பிறகும் எதிரே வருகிறவர் கண் கூசும். அதனால்தான் ஹெட்லைட் இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் நம்மைப் போலவே இடப்பக்கம் போவதால், அங்கிருந்து வரும் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது துறைமுகம். தூத்துக்குடி பக்கத்தில் இருக்கிறது என்பது நமக்குத்தான் வசதி. விதிப்படி பழைய வண்டி மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே உள்ளே வரலாம். கப்பல் ஏற்றும் முன் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். இறங்கிய பிறகு புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அரசு ஏற்ற சோதனை நிலையத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். 2020 ஏப்ரல் முதல் இங்கே பி.எஸ். 6 புகை அளவு நடைமுறையில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இனி காசு. சுங்கத்தில் மதிப்புப் போடும்போது, நாம் அங்கே அடித்துப் பேசி வாங்கிய விலையைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த மாடல் புதிதாக இருந்தபோது கம்பெனி வெளியிட்ட விலையிலிருந்து தேய்மானம் கழிப்பார்கள். முதல் வருடத்துக்கு 16 சதவீதம், இரண்டாம் வருடத்துக்கு 12 சதவீதம், மூன்றாம் வருடத்துக்கு 10 சதவீதம். இரண்டு வருடம் ஓடிய, புதிதில் 1,00,000 ரூபாய் விலையுள்ள ஸ்கூட்டர் 72,000 ஆகும். அதோடு கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் சேரும். அவை 28,000 என்று வைத்துக்கொண்டால், கணக்கு மறுபடியும் 1,00,000-இல் வந்து நிற்கிறது.

தீர்வை இதன் மேல் விழும். 2025 பட்ஜெட்டில், 1600 சிசி வரையுள்ள முழு வண்டிக்கு அடிப்படைத் தீர்வையை 50 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைத்தார்கள். அது புதிய வண்டிக்கு. பழையதற்கு இன்னும் கூடுதல். குறைந்ததையே வைத்துப் பார்ப்போம்: 40,000 ரூபாய். ஜி.எஸ்.டி., தீர்வையும் சேர்ந்த 1,40,000-இன் மேல் போடப்படும். 350 சிசி வரை 18 சதவீதம் என்பதால் 25,200. ஆக, 72,000 ரூபாய் பெறும் வண்டிக்கு வரி மட்டும் குறைந்தது 65,200. ஏஜென்ட் கூலி, சோதனைக் கட்டணம், மும்பையிலிருந்து குருவிகுளம் வரை லாரி வாடகை எல்லாம் இதற்கு வெளியே.

“ஓசூர்ல செஞ்ச வண்டிதானே, நம்ம நாட்டுப் பொருளுக்கு நாமே வரியா?” என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் ஏற்றுமதியாகி வெளியே போன பொருள் திரும்பி வந்தால், அதே வகை வெளிநாட்டுப் பொருளுக்கு உண்டான தீர்வையும் நிபந்தனையும் அதற்கும் உண்டு என்று சுங்கச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. பிறந்த ஊர் இங்கே செல்லாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? உள்ளூர்த் தொழிலைக் காப்பது ஒரு காரணம். மற்ற நாடுகள் கழித்துப்போடும் வண்டிகள் இங்கே வந்து குவியாமல் தடுப்பது இன்னொன்று. அந்நியச் செலாவணியும் ஒரு காரணமாகலாம். பக்கத்து இலங்கை 2020 மார்ச்சில் டாலர் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதியையே நிறுத்தி, 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது.

தீர்வை கட்டாமல் வண்டியைக் கொண்டுவர ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது, திருப்பிக் கொண்டுபோவதாக இருந்தால். அதற்குக் கார்னே என்ற புத்தகம் வேண்டும். கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுக்கும்போது முன்பணம் கட்டி, நோட்டில் எழுதிவிட்டு, திருப்பிக் கொடுத்ததும் அடித்துவிடுகிறோம் இல்லையா, அதே ஏற்பாடுதான். வண்டி இருக்கும் நாட்டின் ஆட்டோமொபைல் சங்கம் நம்மிடம் ஈடு வாங்கிக்கொண்டு புத்தகத்தைக் கொடுக்கும். உள்ளே வரும்போது ஒரு முத்திரை, வெளியே போகும்போது ஒரு முத்திரை. இந்தியாவில் 6 மாதம் வரை வைத்திருக்கலாம். வண்டி வெளியே போகாவிட்டால் சங்கம்தான் சுங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சங்கம் நம் ஈட்டில் கைவைக்கும். வெளிநாட்டில் குடியிருந்து, ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது பொருந்தும். ஊரோடு வந்துவிடுகிறவருக்கு உதவாது.

எல்லாவற்றையும் தாண்டித் தீர்வை கட்டி எடுத்தவர், அந்தச் சுங்கக் காகிதங்களோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் இந்தியப் பதிவு எண் வாங்க வேண்டும். அதுவரை சாலையில் இறக்க முடியாது. காகிதத்தில் ஒன்று குறைந்தாலும் வண்டி துறைமுகத்திலேயே நிற்கும், நிற்கும் நாளுக்கெல்லாம் வாடகை ஏறும். ஆகவே ஆசை விடவில்லை என்றால், கப்பல் ஏற்றுவதற்கு முன்பே மும்பையில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் வண்டியின் தயாரிப்பு மாதத்தையும் மாடலையும் சொல்லி, வருமா வராதா, வந்தால் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. அந்தத் தொகையை, இங்கே சங்கரன்கோவில் ஷோரூமில் ஒரு புது ஸ்கூட்டருக்குச் சொல்லும் விலையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் முடிவு அங்கேயே வந்துவிடும்.