முதல் மழையில் இரண்டு சக்கரம்

(ஐப்பசி முதல் வாரத்தில் வானொலியில் ஆற்றிய உரை. பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சிடப்படுகிறது.)



சென்ற ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் கோயில் வளாகத்தில் நின்ற வண்டிகளை எண்ணிப் பார்த்தேன். கார் 6, இருசக்கர வண்டி 114. வயலுக்கும் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாம் இரண்டு சக்கரத்தில்தான் போய்வருகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இந்த வாரத்தில் அந்த இரண்டு சக்கரத்தைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன். சாமியாருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நானும் ஒரு மழை நாளில் விழுந்தவன்தான்.

அது 9 ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் இருந்தபோது. மாலை 6 மணித் திருப்பலிக்காகக் கிளைக் கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூன்று வாரமாகச் சொட்டு மழை இல்லை. அன்றுதான் தூறல் போட ஆரம்பித்திருந்தது. பெருமழை இல்லையே, நனைந்தாலும் பரவாயில்லை என்று போனேன். வேகம் 35 இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால், ரோட்டில் வெள்ளைக் கோடு போட்டிருந்த இடத்தில், ஆடு ஒன்று குறுக்கே வந்தது. காலால் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின்சக்கரம் பக்கவாட்டில் ஓடியது. அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன். இடது காரை எலும்பு முறிந்தது. ஹெல்மெட்டின் இடப்பக்கம் முழுவதும் தேய்ந்து போயிருந்தது. ஆறு வாரம் ஒற்றைக் கையால்தான் திருப்பலி நிறைவேற்றினேன். ஊர்மக்கள், "ஆடுதான் சாமி காரணம்" என்று ஆறுதல் சொன்னார்கள். ஆடு தப்பித்துப் போய்விட்டது. ஆனால் காரணம் அது இல்லை. படுத்திருந்த நாட்களில் விவரம் தெரிந்த ஒரு மெக்கானிக் என்னைப் பார்க்க வருவார். அவர் சொல்லிச் சொல்லித்தான் என்ன நடந்தது என்று எனக்கு விளங்கியது.

முதலில் அந்தத் தூறல். பெருமழையைவிடத் தூறல் மோசமானது. வெயில் நாட்களில் ரோட்டின் மேல் புழுதி படிகிறது, லாரியிலும் டிராக்டரிலும் இருந்து ஆயில் சொட்டுகிறது, டயர் தேய்ந்த ரப்பர்த் தூள் சேர்கிறது. காய்ந்திருக்கும்வரை இதனால் பெரிய தொல்லை இல்லை. கொஞ்சம் தண்ணீர் பட்டதும் எல்லாம் குழைந்து சோப்பு மாதிரி ஆகிவிடுகிறது. நல்ல மழை கொட்டினால் கழுவிக்கொண்டு போய்விடும். தூறல் கழுவுவதில்லை, குழைத்துவிட்டு நின்றுவிடுகிறது. ஆகவே பல நாள் வறட்சிக்குப் பிறகு பெய்கிற மழையின் முதல் அரை மணி நேரம்தான் மிகவும் வழுக்கும். நாமோ நேர்மாறாக, பெரிதாகப் பிடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று அந்த அரை மணி நேரத்தில்தான் விரட்டுகிறோம்.

டெல்டாவில் இருக்கும் நமக்கு இன்னொன்றும் உண்டு. குறுவை அறுவடையும் மழையும் இங்கே ஒன்றாக வருகின்றன. வயலில் இருந்து ஏறும் டிராக்டரும் அறுவடை மிஷினும் தார் ரோட்டில் சேற்றை அப்பிவிட்டுப் போகின்றன. நெல் காயப்போட்ட இடத்தில் வைக்கோலும் பதரும் கிடக்கும், ஓரத்தில் வைத்த கல்லும் அப்படியே இருக்கும். நனைந்த வைக்கோல்மேல் பிரேக் பிடித்தவருக்கு அது எப்படி என்று தெரியும். நெல் காயப்போடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வேறு களம் இல்லாமல்தான் போடுகிறார்கள். ஆனால் அள்ளிய பிறகு இடத்தைக் கூட்டிவிடுங்கள், கல்லை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது அந்த வெள்ளைக் கோடு. டயர் தரையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? ஒரு சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. அந்தச் சிறிய இடம்தான் வண்டியையும், உங்களையும், பின்னால் இருக்கும் மனைவியையும், முன்னால் நிற்கும் குழந்தையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. தார் ரோடு கைக்குச் சொரசொரப்பாக இருக்கிறதல்லவா, அந்தச் சொரசொரப்பில்தான் ரப்பர் பற்றிக்கொள்கிறது. பெயிண்ட் அதை மூடி வழவழப்பாக்கிவிடுகிறது. நனைந்தால் கண்ணாடிதான். பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி, பாலத்து இணைப்பு இரும்பு, ரயில்வே கேட் தண்டவாளம் எல்லாம் இப்படியே. இவற்றின்மேல் வண்டியைச் சாய்க்கக் கூடாது, பிரேக் போடக் கூடாது, திடீரென்று முறுக்கவும் கூடாது. தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காமல், முடிந்தவரை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும்.

மூன்றாவது, என் கால். முன் பிரேக் பிடித்தால் தலைகீழாகக் கவிழ்ந்துவிடும் என்று சிறுவயதில் யாரோ சொன்னதை நம்பி, 30 ஆண்டுகளாகப் பின் பிரேக்கை மட்டுமே மிதித்துப் பழகியவன் நான். உங்களிலும் பலர் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். பிரேக் போடும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை ஓங்கிப் பிடித்தால் அது சுற்றுவதை நிறுத்திவிட்டு வழுக்கத் தொடங்கும். ஈரத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வண்டி நேராக இருக்கும்போது, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, ஈரத் துணியைப் பிழிவதுபோல மெதுவாக இறுக்குவதே சரி. வளைவுக்குள் போய்ப் பிரேக் போடாதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய வண்டிகளில், 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு உட்பட்டவற்றில் குறைந்தபட்சம் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் சிபிஎஸ் இருக்க வேண்டும். இரண்டும் நல்லவை. ஆனால் "என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது ஃபாதர்" என்று பீற்றிக்கொள்ளும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், ரோட்டைக் காயவைக்காது.

40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. ஆட்டைப் பார்த்து, கை பிரேக்குக்குப் போவதற்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடும். பிறகு பிரேக் பிடித்து நிற்பதற்குக் காய்ந்த ரோட்டில் 9 அல்லது 10 மீட்டர் ஆனால், ஈர ரோட்டில் அது ஒன்றரை மடங்காகலாம், இரண்டு மடங்கும் ஆகலாம். எல்லாம் சேர்த்து 27 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கோயில் வாசலிலிருந்து பீடப் படிவரை டேப் வைத்து அளந்தேன், சரியாக அவ்வளவுதான் வருகிறது. அடுத்த முறை வாசலில் நின்று பீடத்தைப் பாருங்கள். 80-இல் போனால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு.

நான்காவது, என் டயர். வழுக்கை. டயரில் உள்ள பள்ளங்கள் அழகுக்கு வெட்டியவை அல்ல, அடியில் சிக்கும் தண்ணீர் வெளியேற வெட்டியவை. பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். தார் ரோட்டில் அது ஆபத்து. வண்டியில் எழுதியிருக்கும் அளவே சரியான அளவு. வண்டியை மந்திரிக்கச் சொல்லிக் கொண்டு வருகிறீர்கள் அல்லவா? நான் தீர்த்தம் தெளிக்கும் முன் குனிந்து டயரைப் பார்ப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். கோயில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னவனுக்கு இயேசு என்ன பதில் சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும். வழுக்கை டயரோடு ஆசீர் கேட்பதும் ஏறக்குறைய அந்த வகைதான்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். பின்னால் உட்கார்ந்து குடை விரிக்காதீர்கள். காற்று குடையைப் பிடித்து வண்டியையே ஓரம் தள்ளும். பின்னால் என்ன வருகிறது என்று ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்க்கவும் முடியாது. ஓட்டுகிறவருக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கினால் உங்களுக்கும் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் அதற்குள் செருகிக்கொள்ளுங்கள்.

தேங்கிய தண்ணீருக்குள் என்ன பள்ளம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முன்னே போகும் வண்டியின் தடத்தில், இடைவெளி விட்டுப் போங்கள். தண்ணீரைக் கடந்தபின் பிரேக்கை லேசாக இரண்டு மூன்று முறை பிடித்துக் காயவிடுங்கள். டிரம் பிரேக் நனைந்தால் கொஞ்ச நேரம் பிடிக்காது.

கடந்த ஆண்டு இதே மாதத்தில் ஒரு மகனுக்கு மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறு இருந்தது. அதற்கு முந்தைய வியாழனன்று அவனை நம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். மழையில் கண்ணாடி மறைக்கிறது என்று ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டியிருந்தான். அந்தக் குடும்பத்தின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவன் வேகமாக ஓட்டுகிறவன் அல்ல, குடிப்பவனும் அல்ல. ஹெல்மெட்டின் கண்ணாடி மறைத்தால் ஓரம் கட்டித் துடையுங்கள், அல்லது அதை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். தலையிலிருந்து கழற்றாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதை வாங்குங்கள். 2021 ஜூன் முதல் அது இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம்.

திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2290-ஆம் எண்ணைப் படித்துப் பாருங்கள். குடிபோதையாலோ வேக மோகத்தாலோ சாலையில் தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து உண்டாக்குகிறவர் பெரும் குற்றத்துக்கு ஆளாகிறார் என்கிறது அது. கொலையைத் தடுக்கும் ஐந்தாம் கட்டளையின் விளக்கத்தில் அது வருகிறது. பாவசங்கீர்த்தனத்தில் இதை இதுவரை ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை.

கார்த்திகை முடியும்வரை, மழை பெய்யும் நாட்களில் மாலைத் திருப்பலி 6 மணிக்குப் பதில் 6.15-க்குத் தொடங்கும். ஆகவே அவசரப்பட்டு வரவேண்டாம். திருப்பலி முடிந்து மழை விடாவிட்டால் கோயில் முகப்பிலேயே இருங்கள். இரவு 9 மணிவரை விளக்கு எரியும், கதவும் திறந்திருக்கும். நனைந்த ஹெல்மெட்டை வைக்க இடமில்லை என்று அன்பியக் கூட்டங்களில் சொன்னீர்கள். வாசலுக்கு இடப்புறம் 60 ஹெல்மெட் வைக்கிற மாதிரி ஒரு மர அலமாரி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வந்துவிடும்.